வைத்தது வைத்தபடி

"இவ்வளவு காசு இருந்திருக்கு. பிறகேன் தம்பி அந்த மனுசி வெளிக்கிட்டுப் போகேல்லை?"

2023 கோடையில் ஒரு நாள், பாரிசில் வில்லியே மெத்ரோ நிலையத்தில் 2ஆம் லைனுக்குக் காத்து நிற்கையில் அத்தான் கேட்டார். நாங்கள் பார்த்துவிட்டு வந்த மாளிகைக்காரரின் மகள் பெயாத்ரிசைப் பற்றித்தான் கேட்டார், நாஜிகளின் முகாமில் செத்துப்போன யூதப் பெண். எனக்கு மறுமொழி வரவில்லை. "தெரியாது அத்தான்" என்றேன். வண்டி வந்தது, ஏறினோம், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் இறங்கிக் கொத்துரொட்டி சாப்பிட்டோம். அவர் அடுத்த கிழமை டொரொன்டோவுக்குத் திரும்பிவிட்டார். கேள்வியை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அத்தானுக்கு வீடு விற்றுக்கொடுக்கிற தொழில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சீலிங்கைப் பார்ப்பார், பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்ப்பார். ஈபிள் கோபுரம், பிள்ளையார் கோயில், படகுச் சவாரி எல்லாம் முடிந்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு பின்னேரம் நான்தான் அவரை மோன்சோ தெரு 63ஆம் இலக்கத்துக்குக் கூட்டிப்போனேன். லாச்சப்பலில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் வில்லியே, மாறி ஏறத் தேவையில்லை. எனக்கு அந்தத் தெருவோடு ஒரு பழைய கணக்கும் இருந்தது. 1991இல் வந்த புதிதில் அந்தப் பக்கத்து றெஸ்ரோரன்ட் ஒன்றில் நான்கு வருசம் கோப்பை கழுவினேன். கடைசி மெத்ரோவைப் பிடிக்க ஓடும்போது அந்தப் பெரிய வாசல் கதவைக் கடந்துதான் ஓடுவேன். ஏதோ ஒரு தூதரகம் என்றே நினைத்திருந்தேன். அது கமோந்தோ என்ற யூதக் குடும்பத்தின் வீடு, 1936 டிசம்பரிலிருந்து அருங்காட்சியகம் என்று அறிய எனக்கு முப்பது வருசம் எடுத்தது.

வெளிக்கிடத் தெரிந்த குடும்பம்

அத்தானின் கேள்வி என்னை விடாமல் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. எப்போது வெளிக்கிட வேண்டும் என்று நன்றாகவே தெரிந்த குடும்பம் அது. வேர் ஸ்பெயினில். 1492இல் யூதர்களை அங்கிருந்து துரத்திய பிறகு வெனிஸ், வெனிசிலிருந்து இஸ்தான்புல். அங்கே கலாட்டா பகுதியில் 1802இல் ஐசாக் கமோந்தோ ஒரு வட்டிக்கடை போல வங்கியைத் தொடங்கினார். 1832இல் அவர் கொள்ளைநோயில் போனதும் தம்பி ஆபிரகாம் சலமோன் பொறுப்பெடுத்து, ஒட்டோமன் அரசுக்கே கடன் கொடுக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். இத்தாலி அரசர் கவுண்ட் பட்டம் கொடுத்தார். கலாட்டாவில் அந்தக் குடும்பம் கட்டிக்கொடுத்த வளைவு வளைவான படிக்கட்டு இன்றும் அவர்கள் பெயரோடு இருக்கிறது, இஸ்தான்புல் போகிறவர்கள் எல்லாரும் அதில் நின்று படம் எடுக்கிறார்கள். 1869இல் பேரப்பிள்ளைகள் கடை கட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்தார்கள். வந்த குடும்பத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் இந்த வீட்டைக் கட்டிய மொயீஸ்.

"எங்கட ஆக்கள் மாதிரித்தான். தலைமுறைக்கு ஒரு நாடு" என்றார் அத்தான், காதில் ஒலிவழிகாட்டியை வைத்தபடி. அவர் சும்மா சொன்னார். நானோ அதிலேயே நின்றுவிட்டேன். மூன்று நாடு மாறிய ஒரு வம்சம், நாலாவது நாட்டில் அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. எப்படி?

வீட்டைப் பார்த்தால் கொஞ்சம் விளங்குகிறது. 1910இல் தாய் இறந்ததும் அவருடைய வீடு மொயீசுக்கு வந்தது. மனுசன் அதை இடித்தார். ரெனே செர்ஜான் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்து, வெர்சாயில் உள்ள சின்ன த்ரியனோன் மாளிகையை மாதிரியாக வைத்துப் புதிதாகக் கட்டினார். 1914இல் முடிந்தது. 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளிலிருந்து கழற்றி விற்கப்பட்ட மரச் சுவர்ப்பலகைகளை வாங்கி, அவற்றின் அளவுக்குத் தக்கபடிதான் அறைகளை வகுத்தார்கள். "பலகைக்கு வீடு கட்டின ஆளை இப்பதான் பாக்கிறன்" என்று அத்தான் தலையை ஆட்டினார். பலகைக்குப் பின்னால் லிஃப்ட், சுடுதண்ணீர்க் குழாய், முழுவீட்டையும் சூடாக்கும் ஏற்பாடு. முன்னால் பார்த்தால் பிரெஞ்சுப் புரட்சி இன்னும் நடக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் தங்கமுலாம் பூசிய கால்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. மூன்றாவது அறையில் கண் அலுத்துவிடும். அரசிக்குத் தளபாடம் செய்தவர் கைப்பட்ட மேசை என்றார்கள். நல்ல மேசைதான். லூவ்ர் மாளிகைக்கென்று நெய்த கம்பளம் என்றார்கள். அதன் ஓரத்தால் நடக்கையில், இதை யார் கூட்டினார்கள் என்ற யோசனைதான் எனக்கு. கோப்பை கழுவினவன் புத்தி.

அந்தப் புத்தி இரண்டு இடங்களில் என்னை நிறுத்தியது. முதலாவது, சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அறை. சுவர் முழுக்க அலுமாரி, அலுமாரி முழுக்க செவ்ர் பீங்கான். ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு பறவை. புஃபோன் என்ற இயற்கை ஆய்வாளரின் பறவை நூலில் இருந்த படங்களைப் பார்த்துத் தீட்டியவை. பறவையின் பெயர் கோப்பையின் அடிப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்குமாம். அதாவது சாப்பிடுகிறவர் கண்ணில் பெயர் படாது. கழுவுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். விருந்தாளி இல்லாத நாட்களில் மொயீஸ் இந்த அறையில்தான், தோட்டத்தைப் பார்த்தபடி, தனியே சாப்பிடுவார். மனைவி இரேன் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இத்தாலியர் ஒருவரோடு 1897இல் போய்விட்டார். மகன் நிசிம் முதலாம் உலகப் போரில் விமானப்படையில் சேர்ந்து 1917 செப்டம்பர் 5இல் வானத்தில் நடந்த சண்டையில் செத்துப்போனான். வங்கியை மொயீஸ் இழுத்து மூடினார். அதன் பிறகு பதினெட்டு வருசம், பறவைக் கோப்பைகளோடு ஒரு மனுசன்.

இரண்டாவது இடம் குசினி. அத்தானைக்கூட அது வாயடைக்க வைத்தது. வெள்ளை ஓடு பதித்த சுவர்கள். நடுவில் ஒரு லொறி அளவில் இரும்பு அடுப்பு. வரிசையாகத் தொங்கும் செப்புச் சட்டிகள், பெரிதிலிருந்து சிறிது வரை, வகுப்பில் உயரப்படி நிறுத்திய பிள்ளைகள் மாதிரி. அடுத்த அறை கழுவுகிற இடம். அங்கே போய் நின்றதும் என் கை தானாகப் பின்பக்கம் போய் இடுப்பைப் பிடித்தது. தொட்டியின் உயரம் அப்படி. நூறு வருசத்துக்கு முந்தியும் முதுகு அதே இடத்தில்தான் நொந்திருக்கும்.

அசையாத பொருட்கள்

மொயீஸ் 1924இல் எழுதிய மரண சாசனம்தான் இந்த வீட்டின் உயிர். வீட்டையும் உள்ளே இருப்பது முழுவதையும் பிரான்சின் அலங்காரக் கலைகளுக்கான சங்கத்துக்குக் கொடுத்தார். மகன் பெயரைத்தான் அருங்காட்சியகத்துக்கு வைக்க வேண்டும். எந்தப் பொருளும் இடம் மாறக் கூடாது, வெளியே இரவலாகப் போகக் கூடாது, புதிதாக ஒன்றும் சேரக் கூடாது. எப்படித் துடைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று தனியாகவும் எழுதி வைத்தார். 1935 நவம்பரில் அவர் கண்மூடிய பிறகு அந்தச் சொல் அப்படியே காப்பாற்றப்பட்டது. நாங்கள் போன நாளிலும் வீட்டுக்காரர் சும்மா வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பது போலத்தான் இருந்தது.

முதல்முறை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் நாற்காலியை நகர்த்தாதே என்று கட்டளையிடுகிற பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். பிறகு வீட்டில் இருந்து யோசித்தபோது வேறு மாதிரிப்பட்டது. ஸ்பெயினை விட்டு, வெனிசை விட்டு, இஸ்தான்புலை விட்டு வந்த குடும்பத்தின் கடைசி ஆண், ஒரு கடதாசியில் 'இனி அசைவதில்லை' என்று எழுதியிருக்கிறார். பூட்டி வைத்தால் பிள்ளைகள் விற்றுவிடலாம், அரசாங்கம் மாறலாம். நாட்டுக்கே எழுதிக் கொடுத்துவிட்டால்? பிரான்சின் சொத்தை பிரான்ஸ் எப்படித் துரத்தும்?

பொருட்களைப் பொறுத்தவரை அவருடைய கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆட்களைப் பொறுத்தவரை அப்படி வரவில்லை.

மகள் பெயாத்ரிஸ், லெயோன் ரைனாக் என்ற இசைக்காரரைக் கட்டி, இரண்டு பிள்ளைகள்: ஃபனி, பெர்த்ரான். பெயாத்ரிசுக்குக் குதிரை என்றால் உயிர். பாரிஸ் ஜெர்மன்காரர் கைக்குப் போன பிறகும் குதிரை ஏறப் போய்க்கொண்டிருந்தார், பெரிய பெரிய இடங்களில் சிநேகிதம் இருந்தது, 1942இல் கத்தோலிக்கத்துக்கு மாறினார், புருசனை விவாகரத்தும் செய்தார். தாய் இரேனைச் சின்ன வயதில் ரெனுவார் வரைந்த ஓவியத்தை நாஜிகள் 1941இல் எடுத்துக்கொண்டு போனபோது, லெயோன் ரைனாக் அருங்காட்சியகத் தலைமைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இரண்டு குடும்பங்களும் பிரான்சுக்குக் கொடுத்ததையெல்லாம் எடுத்துச் சொல்லி எழுதிய விண்ணப்பம். ஓவியம் வரவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் விசாக் கோப்புகள் ஞாபகம் வந்தன. சம்பளத் துண்டு, வாடகைத் துண்டு, வரி கட்டின கடதாசி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கடிதம், எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி, நான் நல்லவன், நான் பயன்படுகிறவன், என்னை வைத்திருங்கள் என்று நீட்டுகிற கோப்பு. அந்த மனுசனின் கோப்பில் லூவ்ருக்குக் கொடுத்த ஓவியங்களும், ஒரு மாளிகையும், போரில் செத்த மைத்துனனும் இருந்தார்கள். இதைவிடப் பாரமான கோப்பு யாரிடம் இருக்கும்?

1942 டிசம்பரில் பெயாத்ரிசும் ஃபனியும் கைதானார்கள். லெயோனும் பெர்த்ரானும் தப்பவில்லை.

அம்மம்மாவின் மாடு

அத்தானின் கேள்வியை நான் முதல்தரம் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அது வேறொருவரைப் பற்றிப் பல வருசம் புழங்கிய கேள்வி. 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தில் இராணுவம் நெருங்க, வலிகாமம் முழுக்க ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒரே இரவில் சனம் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நகர்ந்தது. 'போட்டது போட்டபடி' என்று எங்கள் ஆட்கள் சொல்வது அந்த இரவைத்தான். அடுப்பில் உலை, கொடியில் உடுப்பு, மேசையில் பிள்ளையின் கொப்பி, எல்லாம் போட்டது போட்டபடி. கொக்குவிலில் எங்கள் அம்மம்மா மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டா. "வீட்டைப் பூட்டிப்போட்டுப் போனா ஆர் விளக்கு வைக்கிறது? மாட்டை ஆரிட்ட விடுறது?" இதுதான் அவ சொன்ன காரணம். அம்மா அழுது பார்த்தா, மாமா கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் அவவை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கடிதம் வர இரண்டு மாதம்.

அடுத்த வருசம் சித்திரையில் சனம் திரும்பத் தொடங்கியபோது அம்மம்மா உயிரோடுதான் இருந்தா. மாடும் இருந்தது. பக்கத்து வீடுகளில் கதவு நிலை கூட மிஞ்சவில்லை, எங்கள் வீட்டில் உரலும் அம்மியும் வைத்தது வைத்தபடி. அதன் பிறகு கலியாணவீடு, செத்தவீடு எங்கும் அவவின் துணிவைப் பற்றித்தான் பேச்சு. அதே ஆட்கள்தான் ஆறு மாதம் முன்பு கிழவியின் பிடிவாதம் என்று திட்டினவர்கள். ஒரு ஷெல் முற்றத்தில் விழாமல் வீட்டுக் கூரையில் விழுந்திருந்தால் அது இன்றுவரை பிடிவாதமாகவே இருந்திருக்கும்.

கொக்குவிலையும் பாரிசையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. பெயாத்ரிசைத் தேடி வந்தது தற்செயலான ஷெல் இல்லை. பெயர், விலாசம், பிறந்த நாள் எழுதிய பட்டியல். ஆனால் 'ஏன் போகவில்லை' என்ற கேள்விக்குள் ஒரு ஏமாற்று இருக்கிறது என்பதை அம்மம்மாவை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். முடிவு தெரிந்த ஆளுக்குத்தான் அந்தக் கேள்வி வரும். அன்றைக்கு அவ்விடத்தில் இருந்தவருக்கு முன்னால் இருந்தது ஒரு குதிரை, ஒரு மாடு, நாளைக்கும் விடியும் என்ற பழக்கம். கேட்கிற நாங்கள் எல்லாரும் வெளிக்கிட்டு வந்த ஆட்கள் என்பதும் ஒன்று. போனது சரி என்று யாராவது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வாசல் கல்

2024இல் திருத்த வேலைக்காக நீண்ட நாள் மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூடுவதற்கு முன்னம் நான் தனியே ஒருமுறை போனேன். அன்றைக்கு மழை இல்லை. அத்தானோடு போன நாள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடினதில், வாசலில் பதித்திருந்த கல்லை நாங்கள் பார்க்கவே இல்லை. இந்தமுறை நின்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். கொடையாளியின் கடைசி வாரிசுகளான பெயாத்ரிஸ், அவர் பிள்ளைகள் ஃபனி, பெர்த்ரான், அவர்களோடு லெயோன் ரைனாக். 1943–44இல் ஜெர்மானியரால் நாடு கடத்தப்பட்டு அவுஷ்விட்சில் இறந்தார்கள். அவ்வளவுதான்.

இரண்டு மூன்று தரம் வாசித்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. பாரிசிலிருந்து அவுஷ்விட்ஸ். நடுவில்? ஆட்கள் ஒரு வீட்டு வாசலிலிருந்து நேரே போலந்துக்குப் போய் இறங்குவதில்லை. நடுவில் ஒரு இடம் இருந்திருக்க வேண்டும், அங்கே ஒரு கதவு, ஒரு காவல்காரன், ஒரு பதிவுக் கொப்பி, ஒரு ரயில் நிலையம். அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம். இவ்வளவு நாளும் இரண்டையும் ஒன்றாக வைத்து நான் யோசிக்கவே இல்லை.

ட்ரான்சி. நான் இருப்பது லா கூர்நேவ்வில். ட்ரான்சி எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிற ஊர், பிறந்தநாள் விழாவுக்கு மண்டபம் எடுக்கிற ஊர். ரைனாக் குடும்பத்தை அங்கே இருந்த தடுப்பு முகாமில்தான் வைத்திருந்தார்கள். தாய்க்கும் மகளுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருசம் அங்கே கழிந்தது. லெயோன், ஃபனி, பெர்த்ரான் மூவரும் 1943 நவம்பர் 20இல் 62ஆம் இலக்க வண்டியில் அனுப்பப்பட்டார்கள். பெயாத்ரிஸ் இன்னும் மூன்றரை மாதம் அந்த முகாமில் தனியே இருந்தார். 1944 மார்ச் 7, 69ஆம் இலக்க வண்டி. 1945 ஜனவரி 4இல், அவுஷ்விட்ஸ் முகாமைச் சோவியத் செம்படை திறப்பதற்கு மூன்று கிழமைக்கு முன், செத்துப்போனார். அந்த இரண்டு வண்டிகளும் புறப்பட்டது பொபினி ரயில் நிலையத்திலிருந்து. பொபினி என்றால் எங்களுக்கு விசாக் காட் எடுக்கிற இடம். எத்தனை தரம் பிளாஸ்டிக் உறையோடு அங்கே போயிருப்பேன்.

கல்லில் ஜெர்மானியர் என்று இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் ட்ரான்சி முகாமைக் காவல் காத்தது பிரெஞ்சு ஜாந்தார்மரி, பிரான்சின் சொந்தக் காவல்படை. பிரான்சிலிருந்து அனுப்பப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் பெரும்பகுதியை அந்த ஒரே முற்றத்தின் வழியாகத்தான் அனுப்பினார்கள். மொயீஸ் எழுதிக் கொடுத்த வீட்டையும் நாற்காலிகளையும் பிரான்ஸ் தன் சொத்தாக வைத்திருந்த அதே மாதங்களில், மோன்சோ தெருவிலிருந்து பதினைந்து கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில், அவருடைய மகளை எண்ணி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கல்லின் எழுத்தில் தூசி இல்லை. அதையும் சாசனப்படி துடைக்கிறார்கள் போலும்.

உள்ளே போக மனமில்லை. போனேன், டிக்கெட் எடுத்தாயிற்றே. பறவை அறையில் மட்டும் நின்றுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிராமில் ட்ரான்சிக்குப் போனேன். முகாமாக இருந்தது 1930களில் சாதாரண சனத்துக்கென்று கட்டத் தொடங்கிய குடியிருப்பு, நாலு மாடி, லாட வடிவம், நடுவில் நீண்ட முற்றம். முன்னால் ஒரு பழைய சரக்கு ரயில்பெட்டி நிற்கிறது, ஒரு சிற்பம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி முகப்போடு நினைவிடம், 2012இல் திறந்தது. நான் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு படம் எடுத்து, விளக்கம் ஒன்றும் எழுதாமல், அத்தானுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். டொரொன்டோவில் அப்போது விடிந்திருக்கும். உடனே பதில் வந்தது.

"என்ன இது, ஃபிளாட்டோ? விலைக்கு வருதோ?"

அந்த மனுசியை வைத்திருந்த இடம் இதுதான் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, திரும்பக் காட்டியது.

"இப்பவும் ஆக்கள் இருக்கினமோ அதுக்குள்ள?"

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடியில் ஒரு பெண் ஜன்னலைத் திறந்து சிவப்புப் போர்வை ஒன்றை உதறி, வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தா.

"இருக்கினம்" என்று எழுதினேன்.